சத்தம் வராத வண்டி

"ஸ்டெப்னி எங்கடா?"

காவ்ரில் வண்டியின் பின்கதவைத் தூக்கிவிட்டு, உள்ளே கிடந்த விரிப்பையும் அதன் அடியிலிருந்த அட்டையையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எழுபத்து நான்கு வயதில் குனிந்து நிமிர்ந்ததில் முகம் சிவந்து மூச்சு இரைத்தது. இப்படி ஏதாவது வரும் என்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மகன் திபேரியுவுக்குத் தெரியும்.

"ஸ்டெப்னி கிடையாதுங்கய்யா" என்றான் வண்டி விற்கும் ஒவிதியு. "அந்த இடத்துலதான் பேட்டரி இருக்கு. பஞ்சர் ஆனா உள்ள ஊத்துறதுக்குப் பசை டப்பா வச்சிருக்கான். காத்தடிக்கச் சின்ன பம்பும் இருக்கு."

"டயரே கிழிஞ்சா?"

"போன் பண்ணா ஆளு வந்துடுவாங்க."

"ஜனவரி மாசம், மலைமேல, பனிக்குள்ள. ஆளு வருமா? ஓநாய்தான் வரும்."

ஒவிதியு சிரித்தான். திபேரியுவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுச்சாவா நகரத்தின் எல்லையில், ஜெர்மனியிலிருந்து வந்திறங்கும் பழைய வண்டிகளை நிறுத்தி விற்கும் இந்த மைதானங்களை அவன் எட்டு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் ஆறு பேர். மனைவி லவீனியா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து வேலைக்குத் தினமும் போய் வர வேண்டும். பிள்ளைகள் இரண்டு. அம்மா சவேத்தாவுக்கு முட்டி மடங்காது, தாழ்வான காரில் ஏற்றி இறக்குவதற்குள் பெரும்பாடு. பழைய கார் வாரம் ஒருமுறை நடுரோட்டில் படுத்துக்கொண்டது. எல்லாக் கணக்குக்கும் சரிப்பட்டு வருவது இந்த மாதிரி வண்டிதான்: உயரமானது, வீட்டு முற்றத்திலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், தூரப் பயணத்துக்குப் பெட்ரோல்.

ஆனால் எதைக் காட்டினாலும் அப்பா ஒரு குறை வைத்திருந்தார். ஒன்றில் நாய் நாற்றம். ஒன்றின் கதவை மூடும்போது தகர டப்பா சத்தம். இன்னொன்றை ஓட்டியவன் பிரேக்கைக் காலால் அல்ல, கோபத்தால் மிதித்திருக்கிறான் என்றார். அந்த வண்டிகளைச் சுற்றி ஒரு நடை நடப்பார், டயரை உதைப்பார், பிறகு வாசல் கேட்டருகே போய் நின்று சிகரெட் பற்ற வைத்துக்கொள்வார். விஷயம் முடிந்தது. சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்பார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரின் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் போட்ட பிறகுதான், ஆடிச் சத்தம் போட்டது நம்பர் பிளேட் என்று தெரிந்தது. அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

"இது பெட்ரோல் வண்டியா, கரண்டு வண்டியா?" அப்பா விடவில்லை.

"ரெண்டும்தாங்கய்யா."

"ரெண்டு பொண்டாட்டி கட்டுனவன் கதைதான். எந்த வீட்டுலயும் நிம்மதியா சாப்பிட மாட்டான்."

"அப்பா, போதும்." திபேரியு அவர் கையிலிருந்த அட்டையை வாங்கி உள்ளே போட்டான். "ஏறுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரலாம். பிடிக்கலேன்னா அப்புறம் சொல்லுங்க."

காவ்ரில் திறந்திருந்த முன்கதவைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டு, முனகியபடி ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார். ஒவிதியு திபேரியுவின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தான்.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார் அப்பா.

"ஆயிடுச்சுப்பா."

"எங்க ஆயிடுச்சு?"

வண்டி நகர்ந்தது. அவர் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதைப் போல. "சத்தமே இல்லாம போறதுக்கு இது என்ன திருட்டு வண்டியா? நல்லா இருக்கா கெட்டு இருக்கான்னு எதை வச்சுடா கண்டுபிடிக்கிறது?"

"திரையில எல்லாம் காட்டும்பா."

"திரை பொய் சொன்னா?"

திபேரியு பல்லைக் கடித்துக்கொண்டான். இன்று முடிவு எடுத்துவிடுவது என்று இருந்தான். இவர் என்ன சொன்னாலும் சரி. நாற்பத்தொரு வயதாகிறது; சொந்தக் காசில் ஒரு வண்டி வாங்க இன்னும் எத்தனை நாள் இந்த மனுஷன் தலையாட்டக் காத்திருப்பது? லவீனியா நேற்று கேட்டேவிட்டாள்: "வண்டி வாங்கறது யாரு? நீயா, உங்கப்பாவா?"

ஊரைத் தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறினார்கள். "மலையேத்தத்துல எப்படி இழுக்குதுன்னு பாக்கணும்" என்றார் அப்பா. "ஸ்டெப்னி இல்லாத வண்டி…" என்று ஏதோ தொடங்கி நிறுத்திக்கொண்டு, தலையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோபம். திபேரியுவுக்கு அந்த மௌனம் பழக்கம்தான். சின்ன வயதில் அவர் ஒரு வாரம்கூட அப்படிப் பேசாமல் இருந்ததுண்டு. சூப் கிண்ணத்தை அம்மா பக்கமாக நகர்த்தியே உப்புக் கேட்பார். இருக்கட்டும். சத்தம் இல்லாத வண்டிக்குள் சத்தம் இல்லாத அப்பா. எட்டு மாதத்தில் முதல்முறையாகக் காதுக்கு ஓய்வு.

கொஞ்ச தூரம் போனதும் அவனே பேசத் தொடங்கினான். மெதுவாகத்தான் தொடங்கியது. லவீனியா போய்வரப் பெட்ரோலே வேண்டாம் என்றான். கொட்டகையில் தனி வயர் இழுத்துவிடலாம், எலக்ட்ரீஷியனிடம் பேசியாயிற்று என்றான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதைச் சொன்னான். பிறகு எப்படியோ வண்டியை விட்டுப் பேச்சு எங்கெங்கோ போனது. சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோதும் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறம்தான். இத்தாலியில் வேலை கிடைத்தபோது போகாதே என்று நீங்கள் சொன்னதால்தான் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது, வருத்தமில்லை, ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நல்லதாத்தாண்டா பாத்திருக்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? அப்பாவிடம் வாழ்நாளில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவரும் இடைமறிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. குரலில் இருந்த சூடு தானாகத் தணிந்தது.

மேடு வந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். பெட்ரோல் எஞ்சின் விழித்துக்கொண்டு உறுமியது.

"கேட்டுச்சாப்பா? இப்ப எஞ்சின் ஓடுது."

திரும்பிப் பார்த்தான். காவ்ரிலின் நெற்றி கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கண்ணாடியில் மூச்சின் ஆவி இல்லை.

வண்டியை ஓரம் கட்டிய இடத்தில் ஒரு பெண் பலகை போட்டு முட்டைக்கோஸும் தேனும் விற்றுக்கொண்டிருந்தாள். அவளும் அவனுமாகத்தான் அப்பாவைக் கீழே இறக்கிக் கிடத்தினார்கள். அவன் நெஞ்சை அழுத்தினான், ஆம்புலன்ஸுக்குச் சொன்னான், மறுபடி அழுத்தினான். கதவு திறந்திருக்கிறது என்று வண்டி விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினால் அது வாயை மூடும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்தினான். முன்விளக்குகள் கண் சிமிட்டின. அந்தப் பெண் எதிர்வீட்டுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, காற்றுக்குக் கையால் மறைத்துக் கொண்டுவந்து, அவர் விரல்களுக்கிடையில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரு வெளிச்சம் இல்லாம போகக் கூடாது தம்பி."

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் சின்னப் பெண். "இதயம்தான். வலி தெரிஞ்சிருக்காது. கொஞ்ச நேரம் ஆயிருக்கு" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"சரியா சொல்ல முடியாதுங்க. ஏன்?"

அவன் ஒன்றுமில்லை என்று தலையசைத்தான். பாலத்தில் அவர் பேசினார். மேட்டில் இல்லை. நடுவில் எந்த இடத்திலிருந்து அவன் தனியாகப் பேசிக்கொண்டு வந்தான் என்பதை இனி யாரைப் போய்க் கேட்பது?

*

சாவு வீட்டு வழக்கப்படி, முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கெல்லாம் துணி போட்டு மூடினார்கள். முன்னறையில் காவ்ரில் தம் கறுப்புக் கோட்டில் கிடந்தார். ஊரே வந்து போனது. வந்தவர்கள் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

முதலில் ஒன்றுமில்லை என்றான். பெரியப்பா மகன் வசீலே தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏதாவது சொல்லியிருப்பாரேடா. நீதான பக்கத்துல இருந்த?"

"ஸ்டெப்னி இல்லன்னு சொன்னாரு."

வசீலேவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கையிலிருந்த பிளம்ஸ் சாராயம் தளும்பிற்று. "மேல போயும் அதைத்தான் தேடிட்டு இருப்பாரு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அறை முழுக்கச் சிரித்தது. திபேரியு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். ஒரு மனிதனின் கடைசிப் பேச்சு இப்படியா இருக்க வேண்டும்? வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை.

அம்மா மட்டும் வேறு கேள்வி கேட்டாள்.

"கையில மெழுகுவர்த்தி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"போகும்போதேவா?"

"போகும்போதேதான்."

சவேத்தா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

அடக்கத்தன்று காலையில் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. திபேரியு கறுப்புச் சூட்டோடு பானெட்டுக்குள் தலையை விட்டு நின்றான். கையெல்லாம் கிரீஸ். கடைசியில் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரர் தம் வேனில், உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, ஏற்றிக்கொண்டு போனார். வேனில் ஏற அவளைப் பின்னாலிருந்து இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் ஒவிதியு போன் செய்தான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த வண்டியைப் பின்னாடி நிறுத்தி வச்சிருக்கேன். வேற ஆளுக்குக் காட்டல. வேணாம்னாலும் சொல்லிடுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல. அதே மாதிரி இன்னொண்ணு அடுத்த மாசம் வரும்."

இரவு உணவின்போது திபேரியு அதைச் சொன்னான். லவீனியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேணாம்."

"நல்ல வண்டி, லவி. பேட்டரியெல்லாம் செக் பண்ணியாச்சு."

"அந்த சீட்டுல பசங்கள எப்படி உட்கார வைப்பேன்? நீ எப்படி ஓட்டுவ?"

"அப்ப மறுபடி முதல்லேருந்து தேடணும். இன்னொரு எட்டு மாசம். அதுல நாய் நாத்தம், இதுல கதவுச் சத்தம்னு…"

"இப்ப அப்படிச் சொல்ல யாரு இருக்கா?" என்றாள் லவீனியா. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மேசையில் பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சவேத்தா ரொட்டியைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மத்த வண்டியில ஏறினாராடா?" என்று கேட்டாள்.

"எதும்மா?"

"நீ காட்டுன மத்த வண்டிங்கள்ல. ஏறி உட்கார்ந்தாரா?"

திபேரியு யோசித்தான். கேட்டருகே சிகரெட்டோடு நிற்கும் முதுகுதான் நினைவுக்கு வந்தது. "இல்ல. இதுல மட்டும்தான்."

"ம்."

"ஏறினா பிடிச்சிருக்குன்னு அர்த்தமாம்மா? குறைதான சொல்லிட்டே வந்தாரு!" அவன் குரல் அவனை அறியாமல் உயர்ந்தது. "பிடிச்சிருக்குன்னு வாயத் திறந்து சொன்னா என்ன? சொல்லாம என்னத்த அள்ளிக்கிட்டுப் போனாரு?"

"என்னைக் கட்டி அம்பது வருஷம் ஆச்சு" என்றாள் சவேத்தா. "எனக்கே சொன்னதில்ல."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு, மேசையைப் பிடித்து எழுந்தாள். லவீனியா ஓடிப்போய்த் தட்டை வாங்கினாள். இரண்டு நாள் கழித்து லவீனியாதான், பள்ளிக்குப் போகப் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, வாசலில் நின்றபடி, "போய் எடுத்துட்டு வா" என்றாள். "ஆனா நான் பின்னாடிதான் உட்காருவேன். கொஞ்ச நாளைக்கு."

வண்டி வந்தது. கொட்டகையிலிருந்து வயர் இழுத்தார்கள். திபேரியு தினமும் லவீனியாவைப் பள்ளியில் இறக்கிவிட்டு அதில் வேலைக்குப் போனான். பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

நாற்பதாம் நாள் கல்லறைக்குப் போகும் காலை. முதல் பனி விழுந்திருந்தது. சவேத்தா முந்தின நாளே, இறந்தவர் பேரில் படைக்க, கோதுமையை அவித்து, சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்து, தட்டில் பரப்பி, மேலே சிலுவை வரைந்து வைத்திருந்தாள். லவீனியாவும் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். திபேரியு அம்மாவுக்காகப் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அதைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்தாள். பிடியைப் பற்றி, யாருடைய உதவியும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி சத்தமில்லாமல் முற்றத்தை விட்டு வெளியேறியது. வெள்ளை வயல்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. தேவாலயத் திருப்பம் வரும்போது சவேத்தா தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைச் சீட்டின் மீது, தொடைக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

"இங்க சூடா இருக்கேடா" என்றாள் மெதுவாக.

குளிர் என்று கிளம்பும்போது திபேரியுதான் சீட்டைச் சூடாக்கும் பொத்தானை அழுத்தியிருந்தான். அதற்கான சிறு விளக்கு முன்பலகையில் எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டக் கையை எடுத்தவன், மறுபடி ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டான்.

சவேத்தா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டாள்.