ஐந்து பழைய கணினிகளும் ஊற்றாத கூழும்

1

இலவசமாக வரும் எதையும் எனக்கு நம்பத் தெரியாது. இந்தக் கதை பிறந்ததே அந்தக் கெட்ட புத்தியால்தான். என் பழைய மடிக்கணினி படுத்துவிட்டபோது, ரவாங்கில் ஒரு நண்பர் அதை வாங்கிப் பென் டிரைவிலிருந்து ஏதோ ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. கணினி இளசுபோல ஓடியது. அன்றிலிருந்து அதை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறேன். இதையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால், செம்பனை மரங்களின் நடுவே, மாலை வெயில் —

வேண்டாம். செம்பனையில் மாலை வெயிலைப் போதுமான பேர் எழுதிவிட்டார்கள். நேரே ஆளிடம் போவோம்.

2

அவள் பெயர் திலகம். பகலில் பெர்ஜுந்தாயில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். மாலையில், முன்பு தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறாள்.

தோட்டம் கைமாறிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் காலி செய்ய வேண்டும் என்கிறது நிர்வாகம். மாற்று வீடு தராமல் நகர மாட்டோம் என்கின்றன குடும்பங்கள். அவர்களுக்காகத் திட்டம் போடுவதும் அதை எழுதி வைப்பதும் திலகம்தான். வகுப்பு முடிந்ததும் அதே கொட்டகையில், அதே கணினியில் உட்காருவாள்.

கணினிகள் ஐந்து. கொடுத்தவன் அட்ரியன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அலுவலகங்கள் வீசியெறியும் கிழட்டுக் கணினிகளைப் பொறுக்கி வந்து, வேண்டாததை எல்லாம் வெட்டித் தானே கட்டிய மெலிந்த லினக்ஸ் ஒன்றை அவற்றில் போடுகிறான். பத்தாங் காலி, சுங்கை சோ என்று வகுப்புகளுக்கும் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறான். அந்த லினக்ஸுக்கு அவன் வைத்த பெயர் கெலிப்.*

* கெலிப்-கெலிப் என்றால் மலாயில் மின்மினி. கோலசிலாங்கூரில் மீன் கடைக்கும் இந்தப் பெயர் வைப்பார்கள், டயர் கடைக்கும் வைப்பார்கள். அட்ரியனின் கற்பனை வளத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

[இவனை மிகவும் நல்லவனாக எழுதிவிட்டேனோ? முதல் வரைவில் கொஞ்சம் சந்தேகம் வரட்டும் என்று அவனுக்கு முகம் பார்த்துப் பேசாத வழக்கம் ஒன்றை வைத்திருந்தேன். பிறகு வெட்கமாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.]

3

திட்டங்கள் கசிந்தன. கோலசிலாங்கூருக்குக் கூட்டமாகப் போய் மாவட்ட அதிகாரியைப் பார்ப்பதென்று திலகம் எழுதி வைத்தாள். போனால், தோட்டத்து மேனேஜர் முன்னதாகவே அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை, பத்திரிகைக்காரர் வரவிருந்த நாளில் தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

கெலிப்பைத் திறக்கும்போதெல்லாம் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கும். பக்கத்தில் ‘தொடர்புகொள்கிறது’ என்று ஒரு வரி. யாரோடு?

"அப்டேட் இருக்கான்னு என்னோட சர்வர கேக்கும்க்கா, அவ்ளோதான்," என்றான் அட்ரியன். "ஒன்னும் ஒளிச்சி வைக்கல லா. கோட் எல்லாம் ஓப்பன். யார் வேணும்னாலும் தொறந்து படிச்சிப் பாக்கலாம்."

"டுயிட்டு, ஒரு காசு வாங்கறதில்ல. அப்புறம் எதுக்குப்பா இந்த வேல உனக்கு?"

"புடிச்சிருக்குக்கா."

பிடித்திருக்கிறது என்று சொல்பவனை என்ன செய்வது? திலகத்துக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. எனக்கும்தான். லயத்து முதல் வீட்டு இராஜம்மா நேராகவே சொன்னாள்: "சும்மா குடுக்கறவன் சும்மாவா குடுப்பான்? மொதல்ல அவன வெளிய அனுப்பு."

அனுப்பினால் கணினிகளும் போகும். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. லயத்தில் எந்த வீட்டிலும் கணினி இல்லை.

4

திலகம் ஒரு பொறி வைத்தாள். ஆடி மாதம் அது. ‘வெள்ளிக்கிழமை காலை, மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதுபோல் கூடுகிறோம். வழக்கறிஞர் வருகிறார்’ என்று கணினியில் தட்டி வைத்தாள். அத்தனையும் பொய். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்று அங்கே நிர்வாகத்து ஆள் வந்து நின்றால் அட்ரியன் மாட்டினான்.

யாரிடமும் என்று எழுதிவிட்டேன். அது சரியில்லை.

கோயில் கூழ் அண்டா ஆண்டு முழுவதும் திலகம் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். ஆடி பிறந்தால் அதை இறக்கித் தேய்ப்பது அவள் கணவன் உமாபதியின் வேலை. அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். தோட்டம் கைமாறிய பிறகும் வேலை போகாத ஒரே டிரைவர். [இந்த விவரத்தை எங்கே வைப்பதென்று நெடுநேரம் யோசித்தேன். இங்கேயே இருக்கட்டும். மறைத்தேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது.]

"அண்டாவ எப்ப எறக்கணும்?" என்று அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"வெள்ளிக்கெழம கூழு," என்றாள். பொறி கலைந்துவிடக் கூடாதே என்று அவனிடமும் அதே பொய்.

"கூழுக்கா மொகம் இப்படி இருக்கு?"

லோயர் வருகிறார் என்பதையும் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் முன்னால் துணை மேனேஜர் இரண்டு ஜாகாக்களைக் காவலுக்கு வைத்துக்கொண்டு நின்றார். பூசாரியையும், பார்க்க வந்த திலகத்தையும் தவிர வேறு ஓர் ஆள் இல்லை.

"என்ன திலகம், கூழையும் காணோம், லோயரையும் காணோம்?"

திலகத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். அட்ரியன் மாட்டினான் என்று இராஜம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில், தேய்த்துக் கவிழ்த்த அண்டா வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கணினியில் தட்டிய அதே பொய்யை இன்னொரு காதிலும் போட்டிருந்தாள்.

5

வீட்டுக்குள் போகவில்லை. கொட்டகைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். உள்ளே அவள் அண்ணன் மகள் விஷாலினி இருந்தாள். கல்லூரியில் கணினி படிப்பவள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நடந்தது அவளுக்கும் எட்டியிருந்தது. அண்டாவைத் தவிர.

"அத்த, கவலப்படாதீங்க. அவரு நெட்ல போட்ட கோடும் இந்த மெஷின்ல இருக்கறதும் ஒன்னான்னு நான் பாத்துடறேன். வெளிய என்ன போச்சின்னு லாக்ல இருக்கும். ஈசி லா."

"வேணாம்மா."

"ஏன்? அவருதான்னா தெரிஞ்சிடும். அவரு இல்லன்னாலும் தெரிஞ்சிடும்."

"அதுக்குத்தான் சொல்றேன். பாக்காத."

விஷாலினிக்குப் புரியவில்லை. விரல் விசையின் மேலேயே இருந்தது. திலகம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஒரு கார் வந்து நிற்கும் சத்தம். சன்னல் வழியே அட்ரியன் தெரிந்தான். பிள்ளைகளுக்கென்று ஆறாவது கணினியைப் பின்சீட்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். லயத்துப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். இராஜம்மா வந்தாள். எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டிக்கொண்டு, உமாபதி வந்தான்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கணினிதான் குற்றவாளி. கணவனைச் சந்தேகித்ததற்காகத் திலகம் அழுகிறாள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனதால் நம்பிக்கை வராமல் அழித்துவிட்டேன். இன்னொன்றில் விஷாலினி பார்க்கிறாள். கோட் சுத்தம். அதற்குப் பிறகு, உமாபதி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு —

அந்த வாக்கியம் முடியவில்லை. மற்றொன்றில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. அட்ரியனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள், ஆறு கணினிகளும் அவன் காரில் ஏறுகின்றன, திலகத்தின் வீட்டில் வழக்கம்போல் இரவுச் சோறு பரிமாறப்படுகிறது.

என் நண்பரும் திறந்து பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார். நான் இன்றுவரை பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் அதற்குமேல் சந்தேகப்பட முடியாது. ஒன்று அவரை நம்ப வேண்டும், இல்லை அவரை விட வேண்டும். இரண்டுக்கும் எனக்குப் பயம். அதனால் இந்தப் பெண்ணுக்கு வழி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

விஷாலினியின் விரல் இன்னும் விசைமேல் இருக்கிறது. திலகத்தின் பிடி தளரவில்லை. வெளியே அட்ரியன், "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா," என்கிறான். கதவு தட்டப்படுகிறது.

"திலகம்," என்கிறான் உமாபதி. "தொற."

அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.