லாயக்கில்லை என்ற சீட்டு

பூந்தமல்லி மாதா கோயில் மெழுகுவர்த்தி மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

எண்பத்தாறாம் வருடம் காட்டுப்பாக்கத்து ஜெயபாலுக்கு முட்டி தேய்ந்து, மாட்டுக்கறிக் கடையில் நிற்க முடியாமல் போனது. மகன் டேவிட்டும், மகள் ஹில்டாவின் புருஷன் கிறிஸ்துராஜும் கடைக்குப் போட்டி போட்டார்கள். பதினைந்து வருடம் அங்கே கத்தி பிடித்தவன் கிறிஸ்துராஜ்; கடை தனக்குத்தான் என்றிருந்தான். மாமனாரோ, ஆளுக்கொரு கிழட்டு மாடு வாங்கி ஆறு மாதம் வளர்க்கச் சொன்னார். யாருடைய கறியில் லாபமோ, அவருக்குச் சாவி.

டேவிட் குத்தம்பாக்கத்தில் ஓர் எருமைக்கடா பிடித்தான். கண்டதைத் தின்னும், தீனிச் செலவில்லை என்பது அவன் கணக்கு. கிறிஸ்துராஜ் சிரித்துக்கொண்டான். எருமையில் தலை, தோல், எலும்பு போனால் என்ன மிஞ்சும்? அவன் பாரிவாக்கத்தில் ஒரு வண்டிமாடு வாங்கினான். ஹில்டாவின் கம்மல் புண்ணாக்காக மாறியது. மூன்றாம் மாதம் தொழுவத்தின் சுவரை இடித்து மாட்டை வெளியே எடுத்தார்கள். ஆவடியில் டாங்க் ஓட்டியவர்கள்கூட அதற்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வெட்டுவதென்றால், வேலைக்கு லாயக்கில்லை என்று மாட்டு டாக்டர் சீட்டு எழுத வேண்டும். போஸ்டர் தின்று வளர்ந்த எருமை சுவரில் சாய்ந்து நின்றது. அவர் பரிதாபப்பட்டு எழுதிக் கொடுத்தார். வண்டிமாடு அவருடைய ஸ்கூட்டரைக் கொம்பில் தூக்கி, மெதுவாக நிழலில் வைத்தது.

"பத்து வருஷம் ஏர் உழும்பா இது. எப்டி எழுதறது?"

"கெயவன் சார். பல்லு தேஞ்சி கீது பாருங்க."

அவர் பல்லைப் பார்க்கவில்லை. விற்றுவிடலாம் என்று சந்தைக்கு ஓட்டினால், வாங்க வந்தவர்கள் பல்லைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

எருமையில் தேறியது எழுபது கிலோதான். ஆனாலும் லாபம். சாவி டேவிட்டிடம் போனது.

"வெட்ட முடியாத மாட்ட வச்சிகினு இன்னா பண்றது மாப்ளே," என்றார் ஜெயபால்.

டேவிட் தாராளமானவன். "கத்தி உன் கைலயே இருக்கட்டும் மச்சான், நாள் கூலி தர்றேன்," என்றான். கிறிஸ்துராஜ் மறுநாள் விடியற்காலையிலேயே போய்க் கடையைக் கழுவினான். ஹில்டா அன்று முதல் மாட்டுக்கு மட்டும் சோறு வைத்தாள்.

அதே மெழுகுவர்த்தி மேல் ஆணை, ஜெயபாலுக்கு மகளே பிறக்கவில்லை.