எண்ணெய்க் கணக்கு

...தண்ணீர் என்றுதானே இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருந்தாள், மருந்து எதில் கலந்து தோலில் படுகிறது என்ற கட்டத்தில், ஒரு தரமாவது எண்ணெய் என்று மாற்றிப் பார்க்கத் தோன்றியதா, சோற்றைத்தான் தின்கிறோமா என்று ஹேமாவதி தன்னையே திட்டிக்கொண்டாள். திரையில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, நூற்றுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. பூச்சிமருந்து மனிதத் தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை, ஆபீஸ் சென்னையில், அவள் காவாந்தண்டலத்தில், மாமியார் வீட்டு உள்ளறையில், நெல்மூட்டைகளுக்கு நடுவே. காலையில் போனில் பேசும்போது, எங்கள் பக்கம் உடம்பில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மருந்தடிப்பார்கள் என்று வாய்தவறிச் சொல்லப்போக, மேலதிகாரி பார்த்திபன் சிரித்தார், அப்படியெல்லாமா செய்வார்கள் என்றார். செய்வார்கள் சார், என் வீட்டுக்காரர் செய்கிறார், தடவிவிடுவதே நான்தான்... என்று சொல்லாமலே போனை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டத்தை மாற்றிவிட்டு ஓடவிட்டாள்.

மின்விசிறி சுற்றச் சுற்றக் கண் சொக்கியது, சாப்பிட்ட மயக்கம்... தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், இடையில் கொழுப்பு, அந்தச் சந்து வழியாகத்தான் துளி வளைந்து வளைந்து இறங்கும், அவளும் கூடவே இறங்கினாள், சந்து இதமாக இருந்தது, யாருடைய தோல் இது, கணக்கில் தோலுக்குப் பெயர் கிடையாது, தடிமனும் சூடும்தான், ஆனால் இந்தத் தோலில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது, குமரேசனுடைய மச்சம். கல்யாணமான வருஷம் சம்பாப் பயிருக்கு வெறும் உடம்போடு மருந்தடித்துவிட்டு வந்து, முதுகெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, அரிப்பில் துடித்தானே, அடுத்த தரம் அவன் கிளம்புமுன் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனது அவள்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் பக்கத்தில் உட்கார்ந்தால் மாமியாருக்கு இருமல் வரும், எண்ணெய்க்கு மட்டும் வராது. மற்ற நேரமெல்லாம் வாயில் கொழுக்கட்டையை வைத்திருக்கிறவன் அந்தப் பத்து நிமிஷம் பேசுவான், செய்யாற்றில் தண்ணீர் வந்தது, மாகறலில் யாரோ டிராக்டரைச் சேற்றில் இறக்கியது, எல்லாம் வரும். அவளும் தேய்த்த இடத்தையே மறுபடி தேய்ப்பாள், இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று. எவ்வளவு ஆசையாகத் தேய்த்தாள்...

கணக்கு முடிந்திருந்தது. தண்ணீரில் கலந்த மருந்துக்கு, கைகால் கழுவிய நேரத்திலிருந்து, உள்ளே போகும் அளவைக் காட்டும் கோடு அப்படியே படுத்துவிடும், எண்ணெய்க்குப் படுக்கவில்லை, கழுவிய பிறகும் ஏறிக்கொண்டே போனது. எண்ணெய் மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பியிருக்கிறது. எத்தனை போகம், போகத்துக்கு எத்தனை தரம், இத்தனையையும் இந்தக் கையால்தானே... கணக்கு தப்பாக இருக்கக்கூடாதா என்று வாழ்க்கையில் முதல்தடவையாக வேண்டிக்கொண்டு எண்களைத் திரும்பப் பார்த்தாள். தப்பில்லை. காற்று அடங்கினால் நாலு மணிக்கு மருந்தடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தான், வெளியே முருங்கை இலை அசையவில்லை.

"எண்ணெ எங்க கீது?" என்று கேட்டபடி குமரேசன் உள்ளே வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"எண்ணெ வாணாங்க. அதும்மேல மருந்து பட்டா இன்னும் உள்ள எறங்குது. முழுக்கை சட்டை போட்டுக்கினு போங்க."

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான், பிறகு அவளை. அரிப்புக்கு வேறு களிம்பு வாங்கிக்கொள்ளலாம், வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள் என்று அவள் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அரிப்பு மொத வருசத்தோடயே நின்னு பூட்ச்சி" என்றான் அவன், கோபமில்லாமல். சட்டையை மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

முதல் வருஷத்தோடு என்றால்... மூன்று வருஷமாகிறதே, அரிப்பே இல்லாமலா ஒவ்வொரு தரமும் வந்து உட்கார்ந்தான், அரிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே கிண்ணத்தை எடுத்து வைத்திருப்பாளே, அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்தானா, அந்த மூன்று வருஷமும் சேர்ந்துதானே அவனுக்குள் இறங்கியிருக்கிறது... ஸ்ப்ரேயர் வயல் பக்கமாக நகரும் சத்தம் கேட்டது. அவன் குளித்துவிட்டு வந்ததும் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், எதையும் சாக்கு வைக்காமல் முதுகில் கையை வைக்க வேண்டும், வைத்தால் பேசுவானா, விலகிக்கொள்வானா, நாலு வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளுக்கு அது தெரியவில்லை.