முன்வரிசையில் பிடித்து வைத்த இடம்

கலை விழாவில் என் மனைவிக்குப் பாராட்டு. மேடை போட்ட தச்சன் நான். இதில் எது பெரிய விஷயம் என்று கேட்டால், இரண்டும் இல்லை. பாராட்டு முடிந்ததும் கச்சேரி முடிகிறவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதுதான் விஷயம்.

ஊருக்கெல்லாம் அவள் அக்கா. எனக்கு மட்டும் எப்போதாவது மனைவி. வீட்டுக்கு வருவாள், செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடிக்கும், ஒற்றைச் செருப்போடு வாசலிலேயே நின்று பேசுவாள், அப்படியே திரும்பிப் போய்விடுவாள். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். அவள் முகத்தைச் சுவரொட்டியில்தான் பார்க்க வேண்டும். அதுவும் என்னைப் பார்த்தா சிரிக்கிறது? பொதுவாகச் சிரிக்கிறது.

கல்யாணமான புதிதில் அவள் துணிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் போனால் கடை மூடுகிறவரை நிற்க வேண்டும். துணி வாங்க ஒரு ஆள் வராவிட்டாலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்துவிட்டால் முதலாளி கத்துவார். வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் என் தோளில் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி ஆட்டுவாள், பிறகு மறு கால். "ஏங்க, இந்தக் காலைக் கழட்டி உங்க பையில போட்டுக்கங்களேன்" என்பாள். அந்தக் கனம் இன்னும் என் தோளுக்கு ஞாபகம் இருக்கிறது.

வீங்கிய அந்தக் கால்களில்தான் அவளுடைய அரசியல் ஆரம்பித்தது. கடை கடையாக ஏறி இறங்கிப் பெண்களைத் திரட்டினாள். தெருவில் உட்கார்ந்தாள், போலீஸ் வண்டியில் ஏறினாள். கடைசியில், கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வரவைத்தாள். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஊரையே உட்காரவைத்தவள் என் பக்கத்தில் உட்காருவதில்லையே, அதை யாரிடம் போய் முறையிடுவது?

விழாக்காரர்கள் அவள் போராட்டத்தின் நினைவாக மேடையில் வைக்க ஒரு நாற்காலி கேட்டார்கள். தேக்கில் செய்தேன். அவள் உயரத்துக்கு, அவள் முதுகுக்குத் தோதாக. படுபாவிகள், சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்துவிட்டார்கள்.

பொன்னாடை போர்த்தியதும் அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். மைக்கில், "உக்காரத்தானே கேட்டோம்? கும்பிடவா கேட்டோம்?" என்றாள். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

நான் முன்வரிசை ஓரத்தில் இரண்டு இடம் பிடித்து, ஒன்றில் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தேன். "ஆள் வருது, ஆள் வருது" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கச்சேரிக்கு வந்திருந்த பாடகர் ஒரு பாட்டை ஜவ்வாக இழுப்பவர். சாதாரண நாளில் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு, இழுக்கட்டும் மகராசன், விடிய விடிய இழுக்கட்டும் என்றிருந்தேன்.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாள். சுவரொட்டிச் சிரிப்பு இல்லை, எனக்கே எனக்கானது. நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தவள் பாதியில் நின்றாள்.

பக்கவாட்டுக் கதவருகே டிக்கெட் பார்க்கிற பெண் நின்றிருந்தாள். ஒரு காலை மற்றொரு காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, அந்தப் பக்கம் பார்க்காதே என்று என் மனசு கத்தியது. பார்த்துவிட்டாள்.

"எப்பலேர்ந்தும்மா நிக்கிறே?"

"மத்தியானத்துலேர்ந்து, அக்கா. நாற்காலி வழியை அடைக்குதுன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்து, என் கைக்குட்டையை எடுத்து என்னிடமே கொடுத்து, அந்த இடத்தில் உட்காரவைத்தாள். "கதவை நான் பாத்துக்கறேன். நீங்க கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். பாட்டு தொடங்கியது, ஒரு வரியும் காதில் ஏறவில்லை.

"யாருக்காவது பிடிச்சு வெச்சிருந்தீங்களா, சார்?" என்றாள் அந்தப் பெண்.

"என் பொண்டாட்டிக்கு."

"ஐயையோ!" என்று எழுந்தாள்.

"உக்காரும்மா. நீ எழுந்துட்டா அவ என்னை வீட்டுல நிக்க வெச்சுருவா."

சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டாள். எனக்குத் தெரிந்த பெருமூச்சு அது. அதற்குமேல் அவள்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபம் போய்விட்டது, ஏக்கம்தான் போகவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கதவருகே என் மனைவி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். எழுந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு என் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவுக்குப் போனேன்.

"ஏங்க, இடத்தை விட்டுட்டு வந்துட்டீங்க?"

"நீ குடுத்தா நியாயம், நான் குடுத்தா தப்பா?"

"இந்த வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல."

அதற்குள் அவளுடைய உதவியாளர் வந்து, "அக்கா, கார் நிக்குது. அடுத்த கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "இந்தப் பாட்டு முடியட்டும்" என்றாள்.

என் தோளில் கையை ஊன்றினாள். செருப்பைக் கழற்றி, ஒரு காலைத் தூக்கி ஆட்டினாள், பிறகு மறு கால். அதே கனம். கொஞ்சம் கூடியிருந்தது, நான் சொல்லவில்லை.

"வலிக்குதா?"

"ரொம்ப. உங்களுக்கு?"

"எனக்குக் கால்ல இல்ல."

"தெரியும்" என்றாள். கையை எடுக்கவில்லை.

எந்த ஊரிலும் எந்த மேடையிலும் பாட்டைச் சுருக்கி அறியாத அந்த மனுஷன், அன்றைக்குப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று கடைசிச் சரணத்தை விட்டுவிட்டுக் கும்பிட்டு எழுந்தார்.