அக்கா நின்ற மூலை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யார் மேல் கோபம் என்று தெரியாமல்தான் இரண்டு வரைவுகள் வீணாயின.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'என் கணவர் தன் ஃபிலிம் கேமராவுக்கு மரத்தில் நகை செய்து போடுகிறவர்.' (பொய்யில்லை. உடைந்த அலமாரிக் கதவை அறுத்து அதற்குக் கைப்பிடி செய்தார். ஷட்டர் பொத்தானுக்கு ஒரு குமிழ். என் தோட்டுக்குத் திருகாணி தொலைந்து எட்டு மாதமாகிறது.)

இரண்டாம் வரைவு: 'அவர் நல்லவர்தான், ஆனால்...' (அதற்கு மேல் ஓடவில்லை.)

2

கடைசியாகச் செய்தது லென்ஸ் ஹூட். லென்ஸில் வெயில் நேரே விழாமல் தடுக்கும் சின்னக் கூரை. வட்டமாகச் செய்திருக்கலாம், செவ்வகம்தான் அழகு என்றார். மூன்று வாரம் உப்புத்தாளால் தேய்த்தார். மொட்டைமாடியிலிருந்து தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் படமெடுத்துச் சோதித்தார். நான்கு மூலையும் பளிச்.*

* அந்த லென்ஸைக் கிட்டத்தில் நிற்பவர்களுக்காகத் திருகினால் அதன் முன்பாகமும் கூடவே சுழலும். செவ்வகம் சாய்ந்து படத்தின் மூலையை மறைக்கும். கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் தனி. அதில் இந்த மறைப்பு தெரியாது. தூரத்தை மட்டுமே சோதித்த மனிதருக்கு இது தோன்றவில்லை. (இங்கே உவமை தேடாதீர்கள். நான் தேடி, கிடைத்து, அடித்துவிட்டேன்.)

3

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அக்கா வந்தாள். அதற்கு முன் ஆறு வருடம் எங்களுக்குள் பேச்சே இல்லை. காரணத்தை எழுதினால் அது தனி நாவல். கணவர் அந்த ஹூட்டை மாட்டிப் படமெடுக்கும்போது பின்வரிசையின் ஓரத்தில் போய் நின்றாள்.

"நடுவுல வாக்கா."

"போதும்டி. இன்னைக்கு வீட்டுக்குள்ள விட்டதே பெருசு."

எல்லாரும் சிரித்தோம். அவளும்தான்.

பிரிண்டில் பதினான்கு உடம்பு, பதின்மூன்று முகம். அக்கா நின்ற மூலையில் கழுத்துக்கு மேல் இருட்டு. எதிர் மூலையில் யாருடைய செருப்போ இருட்டில் போயிருந்தது. செருப்பு கோபித்துக்கொள்ளாது.

"இதை அனுப்பாதீங்க" என்றேன்.

"மத்தவங்க எவ்வளவு நல்லா வந்திருக்காங்க பாரு!" என்று எல்லாருக்கும் ஒரு பிரதி தபாலில் போட்டார். அக்காவுக்கும்.

4

அக்கா போன் செய்தாள்.

"ஏன்டி, கத்தரிக்கோலால வெட்டியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்குமே? எதுக்கு இவ்வளவு நாசூக்கு?"

எதிரே அவர், கையில் ஹூட்டோடு. "ஹூட்டாலன்னு சொல்லிடாத. ஏற்கெனவே உங்க வீட்டுல என்னை ஆசாரின்னு கிண்டல் பண்றாங்க. அவங்கதான் நகர்ந்துட்டாங்கன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தார்.

சொன்னேன்.

"நீதான்க்கா ஃபிரேமை விட்டு நகர்ந்துட்ட."

 "ஆறு வருஷம் கழிச்சு வந்தேன்டி" என்றாள். வைத்துவிட்டாள். அதன்பின் என் அழைப்புகளை எடுப்பதில்லை.

5

என் வாசகிகளுக்குப் பழகிய முடிவு: கணவர் ஹூட்டோடு அக்கா வீட்டு வாசலில் போய் நிற்கிறார், உள்ளேயிருந்து காப்பி வருகிறது. (அவரிடமே கேட்டேன். "ஒரு போட்டோவுக்கா அவ்வளவு தூரம்?" என்றார்.)

இன்னொன்று: நான் ஹூட்டை அடுப்பில் போடுகிறேன். (எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.)

மூன்றாவது: 'பொய் சொல்லிட்டேன்க்கா' என்று ஒரு கடிதம். இரண்டே சொல். நாற்பது நாவல் எழுதிய கை அதை மட்டும் எழுதாமல், இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

முடிவை உங்களிடம் விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் இரக்கப்பட்டு, அக்கா என்னை மன்னித்துவிட்டதாக முடித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். உங்களை அப்படிப் பழக்கியதே நான்தான்.

அதனால் தரமாட்டேன்.