பதினாறை ஐந்தாக்கியது

அன்று பொம்மிடி வீட்டில் நாங்கள் நால்வர் இருந்தோம். என் தங்கை மாதம்மாள் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் மதியழகன் வாசற்படியில், தெருவுக்கு முதுகைக் காட்டியபடி. அவன் மனைவி அன்பரசி அடுப்படிக்குள், கைக்குழந்தையோடு. நான் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் அட்டையும் தாளும் வைத்திருந்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன், மதி வேலை பார்த்த விசைப்படகு மங்களூர்ப் பக்கம் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அவனோடு போன அதியமான்கோட்டை அருள்குமார் கீழறையில் தூங்கியபடியே போய்விட்டான். படகோட்டி சவுரியப்பன் தூங்கிவிட்டார் என்று வழக்கு. இரண்டு முறை ஜாமீன் கேட்டும் கிடைக்கவில்லை, ஜெயிலில் இருக்கிறார். தான் கண்ணை மூடவில்லை, திரையில் ஆழம் பதினெட்டு என்றுதான் இருந்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

மதிக்கு மட்டும் அது உண்மையென்று தெரியும். அதை எழுதத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தான்.

படகில் சார்ட் பிளாட்டர் என்றொரு திரை உண்டு. கடல் வரைபடத்தோடு படகுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்பதையும் காட்டும். கரை திரும்பிக்கொண்டிருந்த விடியற்காலையில் சவுரியப்பன் டீ குடிக்கப் போன பத்து நிமிடம் மதி அதைப் பார்த்துக்கொண்டான். அதுவரை மீட்டரில் இருந்த அளவை, செட்டிங்ஸில் போய் அடிக்கு மாற்றினான். ஆழம் ஐந்துக்குக் குறைந்தால் மணி அடிக்கும்படி வைத்திருந்த இடத்தில், உடனே பதினாறு என்று வந்தது. ஐந்து மீட்டர்தான் பதினாறு அடி என்பது தெரியாமல், தன் கை பட்டு ஏதோ கெட்டுவிட்டதென்று பயந்து, அதைப் பழையபடி ஐந்தாக்கிவிட்டான்.

சவுரியப்பன் பல வருடப் பழக்கத்தில் எண்ணை மட்டும் பார்த்தார். பதினெட்டு அடியைப் பதினெட்டு மீட்டர் என்று நினைத்தார். ஐந்து மீட்டரில் அடிக்க வேண்டிய மணி ஐந்து அடியில் அடித்தபோது படகு பாறைமேல் இருந்தது.

மதி கடலுக்குப் போகுமுன் ஆறு வருடம் போர்வெல் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்டியவன்.

“நம்மூர்ல ஆழம்னா அடிதானுங்க மாமா. எண்ணூறு அடி, ஆயிரம் அடி. மீட்டர்னா எனக்கு மனசுல நிக்காது.”

“மாத்துனத அவருகிட்டச் சொன்னியா?” என்று கேட்டேன்.

“மீன் பெட்டி அடுக்கக் கூப்ட்டாங்க. மறந்துட்டனுங்க.”

அன்பரசி உள்ளிருந்தே பேசினாள். “படகு கடலுக்கு அடியில கெடக்குது. நீங்க எழுதலைன்னா யாருக்குங்க தெரியும்? எழுதிட்டா அருளண்ணன் எந்திரிச்சு வந்துருவாரா?”

அருளின் காரியத்தன்று அவன் தாய் மதியின் கையைப் பிடித்து, நீயாவது திரும்பி வந்தாயே என்று அழுததை மாதம்மாளும் பார்த்திருந்தாள். அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“எத்தன வருசம் போடுவாங்கண்ணா?”

தெரியாது என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடந்ததை வரிசையாக, எண் போட்டு எழுதினேன். ஆறாவதாக, “படகோட்டியிடம் தெரிவிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை” என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

“அப்படி இல்லீங்க மாமா,” என்றான் மதி. “மறந்துட்டேன்னே போடுங்க.”

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மதி கையெழுத்துப் போட்டான். விசாரணை அதிகாரியின் முகவரி எழுதிய உறையை ஒட்டப் பசை இல்லை. அன்பரசி குழந்தையை மாமியார் மடியில் போட்டுவிட்டு, நாலு பருக்கைச் சோற்றைக் கொண்டுவந்தாள். அவளே நசுக்கித் தடவி, உறையின் வாயை விரலால் அழுத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தபாலாபீசில் ஸ்பீட் போஸ்ட் என்றேன். எடை போட்டு, முத்திரை குத்தி, உறையைச் சாக்கில் போட்டார்கள். ஒட்டிய இடம் அப்போதும் ஈரமாகவே இருந்தது.