ரோகிணியின் தலையில் வந்த புகை

மலைமேல் நாயுடுபுரத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் உளவியலாளராக இருந்த ரோகிணியின் தலைமுடியிலிருந்து புகை வரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு. நெருப்பில்லை, சூடுமில்லை. அடுப்படி ஓட்டின் வழியே கசிவதுபோல மெல்லிய நீலப் புகை. வார்டு ஆயா ஞானம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் தலையில் கொட்டினாள். புகை நிற்கவில்லை. தோல் டாக்டர் ஒரு ஷாம்பு எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் அவளைப் பெரிய ஜன்னல் உள்ள அறைக்கு மாற்றியது. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் நடமாடுகிறவர்களுக்கு இதென்ன பெரிய விஷயம்?

அன்று ஒன்பது நாற்பதுக்கு அவளுக்கு ஒரு போன் வந்திருந்தது. அது ஏன் வந்தது என்று சொல்லிவிட வேண்டும். மேல்மலையில் பூண்டு விவசாயம் பார்க்கும் பெரியண்ணன், தாயில்லாத தன் எட்டு வயது மகள் மகாராணியைக் கையில் வெந்நீர் கொட்டிய காயத்தோடு அந்த மருத்துவமனையில் சேர்த்திருந்தார். காயம் ஆறியது. பிள்ளை பேசவில்லை, தூங்கவுமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் தாளும் கிரேயானும் கொடுத்து வீட்டை வரையச் சொல்வது ரோகிணியின் வழக்கம். மகாராணி வரைந்த வீட்டில் கூரையிலிருந்து முப்பது உருவங்கள் கயிற்றில் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்கள். கீழே ஒரு ஆள் தீ மூட்டிக்கொண்டிருந்தான். யாரென்று கேட்டதற்கு "அப்பா" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. பிள்ளையின் உயிருக்கு வீட்டில் ஆபத்து என்று ரோகிணி அன்றே அறிக்கை எழுதினாள். மறுநாள் மகாராணியைத் திண்டுக்கல்லில் உள்ள ஒரு காப்பகத்துக்கு ஜீப்பில் ஏற்றினார்கள். பெரியண்ணன் மலையிறக்கத்தில் பெருமாள்மலை வரை அதன் பின்னாலேயே ஓடினார்.

பத்தொன்பது நாள் கழித்து பெரியண்ணன் வீட்டைப் பார்க்கப் போன குழந்தைகள் நல அலுவலர்தான் அந்தப் போனைச் செய்தார். "மேடம், தொங்குறதெல்லாம் பூண்டுக் கட்டுங்க. விதைக்கு வச்சிருக்காக. கீழ புகை போட்டாத்தான் கெடாதாம். புள்ள அதுகளுக்குக் கண்ணு வரஞ்சிருக்கு, அம்புட்டுதான்."

வெளியூர்க்காரிக்கு இது தெரியாமல் போகலாம். ரோகிணி மேல்மலை நல்லசாமியின் மகள். பூண்டுக் கட்டுகளுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவள். பள்ளி ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி புகை நாறுகிறதென்று மூக்கைப் பொத்திக்கொண்ட அன்று மூன்று முறை சோப்புப் போட்டுத் தலையைக் கழுவினாள். அதற்குப் பிறகு ஊர் கேட்டவர்களிடமெல்லாம் கோயம்புத்தூர் என்றாள். சொல்லிச் சொல்லித் தன் வீட்டுக் கூரையையே மறந்துபோனாள். வெட்கக்கேடு. அதற்கு வேறு பெயர் கிடையாது.

மகாராணியைக் காப்பகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரோகிணி பழைய அறிக்கையின் மேல் 'மறுமதிப்பீடு' என்று எழுதிக் கோப்பை மூடினாள். மகளைப் பிரித்தது யார் செய்த வேலை என்று தெரியாத பெரியண்ணன், துண்டில் பூண்டைக் கட்டிக்கொண்டு மகளோடு வந்து நின்றார். "நீங்க எழுதிக் குடுத்துத்தான் எம்புள்ளய விட்டாகளாம், டாக்டரம்மா. நீங்க நல்லாருக்கணும்." ரோகிணி பூண்டை வாங்கிக்கொண்டாள். வாங்கியிருக்கக் கூடாது. புகை அன்று இரண்டு மடங்கானது. மகாராணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆழமாக மூச்சை இழுத்தாள், அப்படியே அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மூன்று வருஷம் போனது. வார்டில் தூங்காத மேல்மலைப் பிள்ளைகளுக்காக அவள் அறையில் இரண்டு கட்டில்கள் போட்டார்கள். வட்டக்கானலுக்கு வந்த டூரிஸ்டுகள் ஜன்னலுக்கு வெளியே நின்று செல்பி எடுத்தார்கள். ஒவ்வொரு அறுவடைக்கும் பெரியண்ணன் பூண்டோடு வந்தார், கும்பிட்டார், போனார். அதில் ஒரு பல்லைக்கூட ரோகிணியால் தின்ன முடியவில்லை. எல்லாம் ஞானம்மா வீட்டுக் குழம்புக்குப் போனது.

நான்காம் வருஷம் அவர் கும்பிடக் கையைத் தூக்கியபோது ரோகிணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஒங்க புள்ளயக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதுனதே நாந்தாண்ணே."

பெரியண்ணன் கையை விடுவித்துக்கொண்டார். அவள் தலைப் புகையை ஒருதரம் முகர்ந்து பார்த்தார்.

"நீங்க எந்த ஊருங்க?"

"மேல்மலைதாண்ணே. நல்லசாமி மக."

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பிறகு அவர், கொடுக்கக் கொண்டுவந்த பூண்டைக் கொடுக்காமல், ஸ்டூலில் ஏறி அவள் நாற்காலிக்கு நேர் மேலே விளக்குக் கொக்கியில் கட்டினார். "நல்ல பொக சும்மா போகுது" என்றார். அடுத்த வாரம் அவர் ஊரிலிருந்து இன்னும் நான்கு குடும்பங்கள் கட்டுகளோடு வந்தன. அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நடவுக்கு விதையை இறக்க வந்த அன்று ஒரு பூண்டை நசுக்கி முகர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் புகை பட்டிருக்கலாம், அடுத்த வருஷம் வெள்ளனே கொண்டாந்து கட்டிறணும் என்றார். சரிண்ணே என்றாள் ரோகிணி.